இரண்டாவது பைனாகுலர் வாங்க வேண்டாம்

மில்லர்புரம்,
தூத்துக்குடி.
14-3-1976, ஞாயிறு மத்தியானம்.

என் அன்பு மகன் எஸ்றாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குச் சண்டை போட்டு, ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அந்த இரும்புப் பெட்டிக்குள் காய்ச்சல் தலைவலி இல்லாமல், சனிக்கிழமையாவது தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டு இருக்கிறாய் என்று நம்புகிறேன். சிங்கப்பூரில் இருந்து நீ போட்ட கடிதம் புதன்கிழமை வந்தது. நீ அனுப்பின பைனாகுலர் கோவில் ஏலத்தில் போய்விட்டதை உன் கப்பல் சிநேகிதன் கிருபாநிதி எழுதித்தான் தெரிந்துகொண்டாயாம், அப்பா மனசு உடைந்து போயிருப்பாராம், அதனால் மாதக் கடைசியில் கப்பல் ஜப்பானுக்குப் போகும்போது இன்னொன்று வாங்கப் போகிறாயாம். அங்கே கடையில் எட்டு முப்பது, ஏழு ஐம்பது, பத்து ஐம்பது, இருபது ஐம்பது என்று மடங்கும் கண்ணாடி அகலமும் போட்டு வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், வானம் பார்க்கப் புதிதாய்ப் பழகுகிறவருக்கு எது தோதுப்படும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதச் சொல்லியிருந்தாய். நான் அப்பாவிடம் கேட்கவில்லை. உன் கடிதத்தை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். பதிலை நானே எழுதுகிறேன். வாங்காதே. ஏன் என்று தெரிய வேண்டுமானால் கடைசி வரைக்கும் படி, முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைக்கிற உன் பழக்கம் எனக்குத் தெரியாததல்ல.

எனக்கு இந்த வீட்டில் இருந்த ஒரே மனக்குறை உனக்குத் தெரியும். எனக்குக் கூடப்பிறந்தவர் என்று உன் ஜேசுபாதம் மாமா ஒருவர்தான், அவர் வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர்தான், ஆனால் அவரும் உன் அப்பாவும் ஆறு வருஷமாய் முகம் கொடுத்துப் பேசினதில்லை. அந்தச் சண்டை நடந்த கிறிஸ்துமஸுக்கு நீ பம்பாயில் படித்துக்கொண்டிருந்தாய், ஊரில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லியிருப்பார்கள், நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். விடியற்காலை ஆராதனை. ஹெட்மாஸ்டர் வேலையில் இருந்து ரிட்டயர் ஆகி முதல் தடவையாக மாமாவுக்குப் பிரசங்கச் செய்தி கொடுக்கச் சந்தர்ப்பம் தந்திருந்தார்கள், புது ஜிப்பா போட்டுக்கொண்டு ஏறினார். வருகிற வழியில் கடலுக்கு மேலே விடிவெள்ளி எப்படி ஜொலித்தது என்று ஆரம்பித்து, குரலை ஏற்றி இறக்கி, நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஆண்கள் பக்கத்தில் இருந்து உன் அப்பா, எழுந்திருக்கக்கூட இல்லை, உட்கார்ந்தபடியே, அது விடிவெள்ளி இல்லை, ஜூபிட்டர், என்றார். மெதுவாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. வேலைக்காலம் முழுக்க ஆழ்கடலில் நின்ற கப்பலில் இருந்து கீழே தோணிக்கு மூட்டைக் கணக்கைக் கத்திச் சொன்ன தொண்டை அல்லவா, கோவில் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. பாடகர் குழுப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். குருவானவரே புத்தகத்தை எடுத்து வாயை மறைத்துக்கொண்டார். மாமா மிச்சச் செய்தியை இரண்டு வரியில் முடித்துவிட்டு இறங்கினவர்தான், அதற்குப் பிறகு நம் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. அப்பாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்டால் என்ன என்று கேட்டேன், ஜூபிட்டர் ஜூபிட்டர்தானே ஏளா, அதுக்கு நான் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும், என்கிறார். இவரிடம் என்ன பேச. உன் அத்தை கர்த்தரிடம் போன பிறகு மாமா ஒற்றை ஆளாய்ச் சமைத்துச் சாப்பிடுவதைப் பார்க்கச் சகிக்காமல் நான் மீன் குழம்பைச் சுவர் மேல் வைப்பேன், கழுவின சட்டி சாயங்காலம் அதே இடத்தில் இருக்கும். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காதது போல இருப்பார். என் பிறந்த வீட்டு உறவு ஒரு சட்டி அகலத்துக்குச் சுருங்கிப் போயிற்று.

அப்பாவுக்கு நட்சத்திரப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ராத்திரி ஷிப்டில் தோணி வருகிற வரைக்கும் கப்பல் தட்டில் மல்லாக்கப் படுத்துக் கிடந்து பழகியது. ரிட்டயர் ஆனதும் அது முற்றிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வால் நட்சத்திரம் வருகிறது, பகலிலேயே தெரியும் என்று பேப்பர்காரன் எழுதினதை நம்பி, தெருவையே கூட்டி மொட்டை மாடியில் நிறுத்தினார். ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் நிறுத்தினார். மூன்றாம் நாள் வந்தவர்கள் என் காப்பிக்காக வந்தவர்கள். மாமா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, ஊருக்குக் கேட்கிற மாதிரி, வால் நட்சத்திரம் வாலைச் சுருட்டிக்கிட்டுப் போயிட்டுதாம்லா, என்று யாரிடமோ சொன்னார். யாரும் அங்கே இல்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அன்றையில் இருந்து அப்பாவுக்கு, தான் ஒரு நல்ல வால் நட்சத்திரத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பது வைராக்கியமாகிவிட்டது. இதற்கு நடுவில் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, ஈஸ்டர் முடிந்ததும் பாளையங்கோட்டையில் ஆபரேஷன் என்று முடிவாகியிருக்கிறது. இடது கண்ணிலும் லேசாகத் தொடங்கியிருக்கிறது என்று டாக்டர் சொல்கிறார். இப்போது அவருக்குத் தெரு விளக்குக்கும் வால் இருக்கிறது, சைக்கிள் விளக்குக்கும் வால் இருக்கிறது. இதில் எது வால் நட்சத்திரம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது. அதனால்தான் எனக்குத் தெரியாமல் உனக்குக் கடிதம் எழுதி, ஏழு ஐம்பதுதான் வேண்டும், வேறே எதையும் தலையில் கட்டினால் வாங்காதே என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல். இதைக் கோடு போட்டுக்கொள். இந்த ஒரு வார்த்தையை என்னிடம் சொல்லியிருந்தால் பின்னால் நடந்த கூத்து ஒன்றும் நடந்திருக்காது.

நீ வெளிநாட்டுக் கப்பலில் ஏறினபோது உன் முதல் சம்பளத்தை நம் வழக்கப்படி கோவிலுக்குக் கொடுத்தோம். நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். புயல் மாதத்தில் உன்னிடமிருந்து தகவலே இல்லாத அந்த நாட்களில் முழங்காலில் நின்று, ஆண்டவரே, பிள்ளை கையால் வாங்கி இந்த வீட்டுக்கு வருகிற முதல் பொருளும் உமக்கே என்று பொருத்தனை பண்ணிவிட்டேன். என்ன வந்துவிடப் போகிறது, ஒரு நைலக்ஸ் சேலை வரும், பிஸ்கட் டின் வரும் என்று நினைத்தேன். அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சாயங்காலம் கிருபாநிதி லீவில் வந்து இறங்கி, எஸ்றா கொடுத்துவிட்டான் அத்தை என்று ஒரு பொட்டலத்தை வைத்துவிட்டுப் போனான். அப்பா நாசரேத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பிரித்துப் பார்க்கக் கை துறுதுறுத்தது, ஆனால் பார்த்தால் ஆசை வரும், ஆசை வந்தால் மனசு மாறும். கட்டின கயிறு கட்டினபடியே கொண்டுபோய்க் கோவில் செயலாளர் தேவதாசன் அண்ணாச்சி கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாய் வந்து படுத்தேன். நடுச்சாமத்தில் வந்த அப்பாவிடம், உங்க மகன் பொருள் அனுப்பினான், காணிக்கை போட்டாச்சு என்றேன். தூக்கக் கலக்கத்தில் நல்லது என்றார். என் மேல் என்ன தப்பு, நீயே சொல்.

மறுநாள் ஆராதனை முடிந்து பந்தலில் ஏலம். உனக்குத்தான் தெரியுமே, நம் சபையில் ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கவே கௌரவத்துக்காக நகையை அடகு வைக்கிற ஆட்கள் உண்டு. மேசை மேல் பூசணிக்காய், வாழைத்தார், கருப்பட்டிச் சிப்பம், காலைக் கட்டின சேவல், அதற்குப் பக்கத்தில் என் பொட்டலம். தேவதாசன் அண்ணாச்சி கயிற்றை அறுத்து, உள்ளேயிருந்து கருப்பாய் ஒன்றை எடுத்து, வாரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எஸ்றா கப்பலில் இருந்து அனுப்பின முதற்பலன், என்றார். கப்பல்காரர்கள் பார்க்கிற பைனாகுலர் என்று ஆண்கள் பக்கம் ஒரே சலசலப்பு. அப்பா முகத்தை நான் பார்க்கவில்லை, பெண்கள் பக்கத்துக்கும் ஆண்கள் பக்கத்துக்கும் நடுவே தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். ஆனால் இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின எனக்கு, இந்த மனுஷன் எதற்காக வாசலில் தபால்காரனைத் தேடித் தேடி நின்றார் என்று அந்த நொடியில் விளங்கிவிட்டது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது, ஏலத்தில் எடுக்கலாம் அல்லவா. நான் விரலைத் தூக்கினேன். பெண்கள் பக்கம் விரலைத் தூக்கினால் தேவதாசன் அண்ணாச்சி வீட்டம்மா, பொம்பளைய பக்கம் கூடுதல், என்று சத்தம் போடுவாள், யார் என்று பெயர் சொல்ல மாட்டாள். அந்தப் பக்கம் ஜேசுபாதம் மாமா குரல் கொடுத்தார். இன்னொரு பக்கம் கிருபாநிதி குரல் கொடுத்தான். எனக்கு ஆத்திரம், கொண்டுவந்து கொடுத்தவனே எடுக்கப் பார்க்கிறானே, மெட்ராஸில் விற்கப் போகிறானாக்கும் என்று ஏற்றினேன். அவன் ஏற்றினான். மாமா ஏற்றினார். தொகையை எழுத மாட்டேன், நீ கப்பலில் இருந்து கடலில் குதித்துவிடுவாய். தேவதாசன் அண்ணாச்சி கோவில் கோபுரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று என்று சந்தோஷத்தில் வேர்த்து வழிந்துகொண்டிருந்தார். அப்போது கிருபாநிதி தட்டியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து என் காதில், அத்தை, மாமா பைல உள்ளது தீர்ந்துட்டாம், வீட்டுல எவ்வளவு இருக்குன்னு கேக்காவ, என்றான். எந்த மாமாடா என்றேன். உங்க வீட்டு மாமாதான், வேப்பமரத்துக்குப் பின்னால நிக்காவ, வெக்கப்பட்டு என்னை ஏலம் கேக்கச் சொன்னாவ, என்றான். ஏலே எஸ்றா, நான் என் புருஷனோடு ஏலம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் ஏற்ற நான் ஏற்ற, இரண்டு பேர் ஏற்றினதும் ஒரே வீட்டுப் பணம். விரலைக் கீழே போட்டேன். மரத்துக்குப் பின்னால் அவருக்கும் விஷயம் போய்ச் சேர்ந்து அவரும் வாயை மூடிக்கொண்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். பைனாகுலர் மாமா கழுத்துக்குப் போயிற்று.

அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா எனக்குப் பத்தடி முன்னால் நடந்தார். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது மட்டும், நல்ல சாமான் ஏளா, ஏழு ஐம்பது, என்றார். கொஞ்சம் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாளே மாமா சுவர் பக்கம் வந்து நின்றார். ஏளா ஜெயா, இதுல எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது, நிலா ரெண்டு, தண்ணித் தொட்டி ரெண்டு, நம்ம பிள்ளையை எவனோ ஏமாத்திட்டான் போல, என்றார். நான் உள்ளே வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரில் இருந்து கண்ணை எடுக்காமல், கேட்டது யாருன்னு எனக்குத் தெரியாது, ஆனா நடுவுல உள்ள கீலை மடக்கி நம்ம கண்ணு அகலத்துக்குக் கொண்டு வந்தா ரெண்டும் ஒண்ணாயிரும்னு சொல்லு, என்றார். போய்ச் சொன்னேன். நிலா ஒன்றாயிற்று. மறுநாள், ஒரு கண்ணுக்குத் தெளிவா இருக்கு, ஒரு கண்ணுக்கு மூட்டமா இருக்கு என்றார். அப்பா பேப்பரிடம், முதலில் வலது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குச் சரி பண்ணணும், அப்புறம் இடதை மறைத்துக்கொண்டு வலது பக்க வளையத்தை மட்டும் திருப்பணும், அதற்குப் பிறகு அந்த வளையத்தைத் தொடவே கூடாது, என்றார். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அடுத்து, கை நடுங்குது. கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றணும். அடுத்து, மூக்குக் கண்ணாடி இடிக்குது. ரப்பரை மடக்கி விடணும். அதற்கும் அடுத்து மாமாவுக்குப் பேராசை வந்துவிட்டது, ஏழு மடங்கு போதாது, இருபது மடங்கு உள்ளதாப் பாத்து வாங்கியிருக்கலாம்லா என்றார். இதைச் சொன்னதும் அப்பா முதல் தடவையாகப் பேப்பரைக் கீழே வைத்தார். இருபது மடங்கு பெரிசாக் காட்டுனா கை நடுக்கத்தையும் இருபது மடங்கு காட்டும், நட்சத்திரம் கொசு மாதிரி ஆடும், பிடிச்சு நிறுத்த மூணு கால் ஸ்டாண்டு வேணும், பழகுறவனுக்கு ஏழே போதும், முன்கண்ணாடி மட்டும் அகலமா இருந்து வெளிச்சத்தை வாங்கணும், ஒரு ஹெட்மாஸ்டருக்கு இது தெரியாண்டாமா, என்று என்னைப் பார்த்துச் சத்தம் போட்டார். எனக்குப் புரிந்தது. முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவள், ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்க்கிற கஷ்டம் எனக்குத் தெரியாதா. கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சுவருக்கு எடுத்துப் போனேன். இப்படியே ஒரு மாதம். உலையில் அரிசி குழைகிறது, அடுப்பில் மீன் கருகுகிறது, நான் தந்தி ஆபீஸ் மாதிரி அங்கேயும் இங்கேயும் நடக்கிறேன். இதற்குப் பிறகு பைனாகுலர் கடை வைக்கச் சொன்னால் வைத்துவிடுவேன்.

போன வாரம் இங்கிலீஷ் பேப்பரில் ஒரு மூலையில், மறுபடி ஒரு வால் நட்சத்திரம், விடியுமுன் கிழக்கே தெரிகிறது என்று போட்டிருந்தது. இந்தத் தடவை அப்பா யாரிடமும் மூச்சு விடவில்லை. தனியாக மாடிக்குப் போய் நின்றுவிட்டு வந்து காப்பியைக் குடிக்காமல் வைத்துவிட்டார். என்ன தெரிஞ்சுதா என்றேன். ஒரு வெளிச்சம் இருக்கு, வாலும் இருக்கு, ஆனா பக்கத்து வீட்டு பல்புக்கும் வால் இருக்கே, எதைன்னு நம்ப, என்றார். சுவருக்கு அந்தப் பக்கமோ மாமா, ஏளா, வால் நட்சத்திரம் வந்திருக்காம், இவ்வளவு வானத்துல எங்கன போய்த் தேட, கேட்டுச் சொல்லு, என்கிறார். ஒருவருக்கு இடம் தெரியும், கண் இல்லை. ஒருவருக்குக் கண்ணும் கண்ணாடியும் இருக்கிறது, இடம் தெரியாது. நடுவில் நான். அப்பா பேப்பரைப் பார்த்து, விடிவெள்ளிக்கு இடது கைப்பக்கம், ரெண்டு முழம் தள்ளி என்று தெளிவாகத்தான் சொன்னார். சுவருக்குப் போகிற வழியில் எனக்குப் புத்தி வந்தது. பொய் சொல்லாமல் தபசு இருக்க வேண்டிய லெந்து நாட்கள் என்று தெரிந்தேதான் செய்தேன். மாமாவிடம், அதை வாயால் சொல்ல முடியாதாம், கையால்தான் காட்ட முடியுமாம், என்றேன். உள்ளே வந்து அப்பாவிடம், கண்ணாடியை வெளியே கொடுக்க மாட்டாராம், அங்கே வந்தால் பார்க்கத் தருவாராம், என்றேன். இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

விடியக் கருக்கலில் அப்பா எழுந்து சட்டை போடுகிற சத்தம் கேட்டது. எங்கே என்று கேட்கவில்லை, பிளாஸ்கில் காப்பியை ஊற்றி எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். முன்வாசல் வழியாகப் போனால் கௌரவம் குறைந்துவிடும் என்று மாமா வீட்டுப் பின்பக்கத்து மாடிப்படி வழியாக ஏறினார், அதில் கைப்பிடி இல்லை, நான் பிடித்துக்கொண்டேன். மேலே மாமா குரங்குக் குல்லா போட்டு, போர்வை சுற்றி, பைனாகுலரோடு தெற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெற்கே. அப்பா கையை மட்டும் கிழக்கே நீட்டினார். மாமா திரும்பினார். இந்தத் தடவையும் ஒன்றும் இல்லாமல் போனால் இந்த இரண்டு பேரும் சாகிற வரைக்கும் பேச மாட்டார்கள் என்று நினைத்தேன். மாமா கழுத்தில் இருந்து வாரைக் கழற்றி அப்பா கையில் கொடுத்தார். அப்பா சுவரில் முழங்கையை ஊன்றி, வலது கண்ணை மூடிக்கொண்டு, இடது கண்ணால் பார்த்தார். பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் கண்ணாடியைத் திருப்பி நீட்டி, மச்சான், நீரு ஒருக்கா பாரும், வால் இருக்கா, இல்ல அது என் கண்ணுல உள்ளதா, என்று கேட்டார். ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் வார்த்தை. மாமா வாங்கிப் பார்த்தார். இருக்கு மாப்ள, மேல பாத்து விசிறி மாதிரி விரிஞ்சு கிடக்கு, உம்ம கண்ணுல உள்ளது இல்ல, வானத்துல உள்ளதுதான், என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர்கள் இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவே இல்லை. அப்புறம் மாமா வலது கைப்பக்கம் பிரகாசமாய் இருந்த ஒன்றைக் காட்டி, மெதுவாக, அது என்னது வே, என்றார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, விடிவெள்ளி, அன்னைக்கு நீரு சொன்ன அதே விடிவெள்ளிதான், என்றார். மாமா, அப்பவே சொன்னேன்லா, என்றார். அப்பா ஜூபிட்டர் பேச்சை எடுக்காமல் என் கையில் இருந்த பிளாஸ்கை வாங்கித் திறந்தார். அவருக்கு அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும். காப்பி குடிக்கும்போது ஏலக் கதையும் வெளியே வந்தது. எம் மருமவன் அனுப்பின முதல் பொருள், எவளோ ஒருத்தியும் அந்தக் கிருபாநிதியும் தட்டிக்கிட்டுப் போகப் பாக்குதுவ, விட்டுருவேனா, என்று மாமா கோபமாகச் சொல்ல, அந்த எவளோ ஒருத்தி நான்தான் என்றேன். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டுக் கோழியெல்லாம் எழுந்துவிட்டது.

அன்றையில் இருந்து தினம் விடியுமுன் அங்கேதான். சண்டை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, இப்போதுதான் நன்றாக நடக்கிறது. தொடக்கூடாத வளையத்தை மாமா தொட்டுவிட்டார் என்று அப்பா கத்துகிறார், கண்ணாடியில் விரல் வைத்தார் என்று மாமா கத்துகிறார். வியாழக்கிழமை அப்பா என்னைச் சமையல்கட்டுக்குக் கூப்பிட்டு, இந்த மனுஷனோட பங்கு போட முடியல ஏளா, எஸ்றாகிட்ட நமக்குன்னு ஒண்ணு வாங்கச் சொல்லி எழுது, என்றார். நேற்று மாமா, இது உங்க வீட்டுல இருக்கட்டும், எனக்குன்னு ஒண்ணு எழுது ஜெயா, இருபது மடங்கா இருந்தாத் தேவல, என்றார். இரண்டு பேரிடமும் எழுதிவிட்டேன், எஸ்றா வாங்கப் போகிறான் என்று சொல்லப் போகிறேன். அதோடு சேர்த்தால் இந்த லெந்தில் எனக்கு மூன்று பொய்.

ஆபரேஷன் முடிந்ததும் அப்பாவுக்கு இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையாமல் படுக்கப் போடுவார்களாம். அப்பா வெளியே தைரியமாக இருப்பது போலக் காட்டினாலும் அந்த இருட்டை நினைத்து உள்ளுக்குள் பயப்படுகிறார், ராத்திரி தூங்குவதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மாமாவைக் காணோம், சாயங்காலம்தான் பஸ்ஸில் வந்து இறங்கினார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய், வார்டு ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்திருக்கிறார். கிழக்கதான் மாப்ள, கிழக்கு ஓரத்துல உள்ள கட்டிலா சொல்லி வச்சிருக்கேன், கட்டு அவுக்கிற வரைக்கும் நான் கூடவே இருந்து, பாத்துப் பாத்துச் சொல்லுதேன், நீரு எது எதுன்னு எனக்குப் பேரு சொல்லும், என்றார். அப்பா அன்று நன்றாகத் தூங்கினார். நீ இன்னொன்று அனுப்பினால் இவர்கள் ஆளுக்கு ஒரு மாடியில் ஆளுக்கு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள், யாருக்கு யார் சொல்வது. அதனால்தான் சொல்கிறேன், வாங்காதே. ஜப்பானில் கிடைக்கவில்லை என்று இரண்டு பேருக்கும் தனித்தனியாக எழுதிவிடு, அந்தப் பொய்யையும் என் கணக்கிலேயே வைத்துக்கொள்கிறேன்.

உனக்கு வேண்டுமானால் ஒன்று வாங்கிக்கொள், அதையும் கேள், ஏழு ஐம்பதே வாங்கு, ஆடுகிற கப்பலில் அதற்கு மேல் போனால் பிரயோஜனமில்லை என்று அப்பாவின் பேப்பர் சொல்கிறது. பெரிய எண்ணைக் காட்டிக் கடைக்காரன் மயக்குவான், மயங்காதே. வாங்குமுன் குலுக்கிப் பார், உள்ளே ஏதாவது லொடலொட என்றால் வேண்டாம். வளையத்தை ஒருமுறை சரி பண்ணிவிட்டுத் தொடாதே. மழை பெய்து உப்பளத்தில் எல்லாருக்கும் நஷ்டம், குடிதண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, மற்றபடி ஊர் ஊராகத்தான் இருக்கிறது. நீ வருகிற கிறிஸ்துமஸுக்காவது வந்தால் சாத்தான்குளத்து டீச்சர் பெண் ஒன்று இருக்கிறது, போட்டோ அடுத்ததாக அனுப்புகிறேன், அதைப் பார்க்கப் பைனாகுலர் வேண்டாம், நல்ல கண் இருந்தால் போதும். துறைமுகம் கண்ட இடத்தில் ஞாயிறு ஆராதனையை விடாதே. பச்சைத் தண்ணீர் குடிக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு, ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து என்னை மாட்டிவிடாதே. தகப்பன் கண் ஆபரேஷனுக்காக ஜெபம் பண்ணு. கடலிலும் கரையிலும் கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. அப்பாவும் முத்தம் சொல்லச் சொன்னார், மாமாவும் சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் நம் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், மீன் குழம்பு ஆறுகிறது, நான் போய்ச் சோறு போட வேண்டும். மூன்று தட்டு எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் அன்புள்ள அம்மா,
வே. ஜெயபாய்